மைக்செட்டுக்குக் கொடுத்த பேட்டரி

தன் பெயரை ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்டுவிட்டவருக்கு, அதை மறுமுறையும் கேட்க வேண்டும் என்ற ஆசை வராமல் போகாது. துறவிகளைப் பற்றி எனக்குத் தெரியாது. ராஜபாளையத்தில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த முப்பது வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி மட்டும் மிக நன்றாகத் தெரியும். எண்பதுகளின் பிற்பகுதியில், ஒரு பங்குனிப் பொங்கல் நாளன்று, அந்த ஆசையினால் அவள் ஒரு லாரியை நடுத்தெருவில் நிறுத்திவைத்தாள்.

அவள் கதையைச் சொல்வதற்கு முன் விஜயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விஜயா என் கணவரின் தங்கை. பாலிடெக்னிக்கில் மின்சாரப் படிப்பு முடித்துவிட்டு வந்தவள். அவள் படித்த படிப்பை எங்கள் தெரு வேறு விதமாகப் புரிந்துகொண்டது. ஓடாத மிக்சி, சூடாகாத இஸ்திரிப் பெட்டி, சுற்ற மறுக்கும் மின்விசிறி எல்லாம் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. முகம் சுளிக்காமல் அவற்றைப் பிரித்து, துடைத்து, மூடிக் கொடுப்பாள். ஆனால் அவள் கண் முழுவதும் தென்காசி சாலையில் இருந்த தன் அப்பாவின் பட்டறை மேல்தான் இருந்தது.

மாமா, அதாவது என் மாமனார், நடத்திய பட்டறையில் லாரிகளுக்குக் கூண்டு கட்டுவார்கள். மரவேலையும் இரும்பு வேலையும் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். வயரிங் மட்டும் வெளியாட்கள் வந்து செய்வது. அவர்கள் கைபட்ட வண்டியில் ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடும் என்று விஜயா சொல்வாள். (மிகை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மழை நாளில் நானே பார்த்தேன்.)

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் சங்கரபாண்டியன் மாமாவைத் தேடி வந்தார். பழனி, சபரிமலை, காசி என்று சுற்றுலா நடத்துகிறவர். அவருக்குப் படுக்கையும் அடுப்பும் விளக்கும் மின்விசிறியுமாக, வீடு போலவே அமைந்த மூன்று டூர் வண்டிகள் தேவைப்பட்டன. ஏற்கெனவே அவரிடம் இருந்த வண்டிகளில் ஒரே தொல்லை. போய் நிற்கும் இடத்தில் ஜனங்கள் விளக்கும் விசிறியும் பாட்டுமாக ஓடவிடுவார்கள். புறப்படும்போது எஞ்சின் பிடிக்காது.

“சாமி கும்பிட வந்தவிய, வண்டியத் தள்ளிக்கிட்டே சன்னதி வரைக்கும் போறாவ” என்று அவர் வருத்தமாகச் சொன்னார்.

மாமா, பட்டறையில் கிடந்த ஒரு பழைய லாரியின் மேல் மாதிரிக்கு ஒரு வண்டி கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். சங்கரபாண்டியன் தன் நிபந்தனையைச் சொன்னார். வண்டியைக் காலையில் அவர் அலுவலக வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கும் விசிறியும் நாள் முழுக்க ஓட வேண்டும். சாயங்காலம் அவரே உட்கார்ந்து செல்ஃபை அழுத்துவார். முதல் அழுத்தலிலேயே எஞ்சின் பிடித்தால் மூன்று வண்டிகளும் மாமாவுக்கு. பிடிக்காவிட்டால் அவர் வேறு ஊர்ப் பட்டறைக்குப் போய்விடுவார்.

மாமா அன்று சாப்பிடும்போது விஜயாவிடம் தன் நிபந்தனையையும் சொன்னார். இந்த வண்டிக்கு வயரிங் அவளே செய்யலாம். ஆர்டர் கிடைத்தால் இனிமேல் பட்டறையின் வயரிங் முழுவதும் அவள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் பழைய ஆட்களே வருவார்கள், அவள் மிக்சிகளோடு இருந்துகொள்ள வேண்டும். விஜயா தலையை ஆட்டிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். பாதி ரசம் தட்டுக்கு வெளியே போயிற்று.

பேட்டரி வாங்கப் போகும்போது மாமா என்னையும் கூட அனுப்பினார். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்துக்கு நான் மிகப் பெரிய அளவில் பாத்திரமானேன். நூலகத்திலிருந்து கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியை எடுத்துவந்து மின்கலங்களின் வரலாற்றை இரண்டு இரவு படித்தேன். தவளையின் காலில் மின்சாரம் கண்டுபிடித்த செய்தியிலிருந்து தொடங்கி எல்லாம் எனக்குத் தெரியும். எந்த பேட்டரி வாங்குவது என்பது மட்டும் தெரியாது.

காசிம் பாய் கடையில் பேட்டரிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எனக்கு ஒன்று மிகவும் பிடித்துவிட்டது. சிவப்பு மூடியும் பொன்னெழுத்தும் போட்டிருந்தது. அதில் அச்சடித்திருந்த எண்ணும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. விஜயா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் ஒவ்வொன்றையும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பார்த்தாள். ஒரே அளவுள்ள இரண்டில் எது கனமோ அதில்தான் ஈயம் அதிகம் என்றாள். கடைக்கு வந்து எவ்வளவு நாளாயிற்று என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். அலமாரியில் கிடந்தே வயதாகிப்போன பேட்டரி வேண்டாம் என்றாள். ஆசிட் தன் கண் முன்னால்தான் ஊற்ற வேண்டும், முதல் சார்ஜ் அவசரப்படாமல் மெதுவாக ஏற வேண்டும், முடிந்ததும் கண்ணாடிக் குழாய் விட்டு பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் ஆசிட்டின் அடர்த்தியைச் சோதித்துப் பார்ப்பேன் என்றும் சொன்னாள்.

காசிம் பாய்க்குச் சிரிப்பு வந்தது. “ஏ தாயி, பேட்டரி வாங்க வந்தியா, மாப்பிள பாக்க வந்தியா? குலம் கோத்திரம் மட்டுந்தான் பாக்கி.”

“மாப்பிளன்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம் பாய். இது வழியில நின்னுறக் கூடாதுல்லா” என்றாள் விஜயா.

அன்றுதான் அவள் எனக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்தாள். எஞ்சினைக் கிளப்புவதற்கு ஒரு கணம், ஆனால் பெரும் வேகம் வேண்டும். அதற்கான பேட்டரியில் தகடுகள் மெலிதாக, நிறைய இருக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் வேகம் வேண்டாம், நிதானம் வேண்டும். அதற்குத் தடித்த தகடுகள் உள்ள பேட்டரி. ஒன்றை மற்றதன் வேலைக்கு இழுத்தால் இரண்டும் சீக்கிரம் செத்துப்போகும். ஆகையால் அவள் இரண்டு வாங்கினாள். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய ஸ்விட்ச். வண்டி ஓடும்போது அதைச் சேர்த்து வைத்தால் டைனமோ இரண்டையும் சார்ஜ் செய்யும். வண்டி நின்றதும் பிரித்துவிட வேண்டும். பிரித்துவிட்டால், விளக்குக்கும் விசிறிக்குமான வீட்டு பேட்டரி தீர்ந்துபோனாலும் எஞ்சின் பேட்டரி தொடப்படாமல் அப்படியே இருக்கும்.

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்கு எதையும் சொன்னதில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது என்பதை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். புரியாமல் செய்திருந்தால் மன்னிப்புக்காவது வழி உண்டு.

அந்த நாளும் வந்தது. மாமா வண்டியை ஓட்டினார். மாமியாரான அத்தை, விஜயா, நான் மூவரும் உள்ளே. புது வண்டி என்பதால் முன்கண்ணாடியைச் சுற்றி ஆளுயர ரோஜா மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. உள்ளே ஏழெட்டுப் பேர் படுக்கலாம். ஓர் ஓரத்தில் அடுப்பு மேடை. அதற்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் உயரத்தில், அந்த ஸ்விட்ச். அத்தைக்கு வண்டி மிகவும் பிடித்துப்போய்விட்டது. முழங்கால் வலியினால் எங்குமே போகாதவர், “இதுலயே இருந்துரலாம் போலருக்கே” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சங்கரபாண்டியனின் அலுவலகம் ஒரு குறுகலான தெருவில் இருந்தது. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் தெருவின் அம்மன் கோவிலில் அன்று பங்குனிப் பொங்கல். விளக்கு வைக்கும் நேரத்தில் சப்பரம் புறப்பட்டு இந்தத் தெரு வழியாக வரும். அதற்கு முன்னமே சோதனை முடிந்து வண்டி கிளம்பிவிடும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமா எஞ்சினை அணைத்தார். விஜயா ஸ்விட்சைப் பிரித்தாள். விளக்குகள் எரிந்தன, விசிறிகள் சுற்றின.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சங்கரபாண்டியன் ஊருக்கு வெளியே தன் பழைய வண்டிகள் நிற்கும் கொட்டகையைக் காட்டுவதற்காக மாமாவையும் விஜயாவையும் அழைத்தார். போகும் முன் விஜயா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மதினி, ஓடும்போது சேக்கணும், நின்னா பிரிக்கணும். இப்பப் பிரிச்சு வச்சிருக்கேன். வேற எத வேணும்னாலும் பண்ணுங்க. இத மட்டும் தொட்டுறாதிய.”

நான் புண்பட்டேன். கலைக்களஞ்சியம் படித்த ஒருத்தியிடம் சொல்லும் பேச்சா இது.

அவர்கள் போய்ச் சிறிது நேரத்தில் தெருவில் மின்சாரம் நின்றது. கோவில் வாசலில் முழங்கிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி பாதி வாக்கியத்தில் அடங்கியது. பிறகு ஒருவர் வேர்க்க விறுவிறுக்க எங்கள் வண்டிக்கு வந்தார். மைக்செட் கணேசன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். தெருவே மின்சாரம் இல்லாமல் புழுங்கிக் கிடக்கும்போது எங்கள் வண்டியில் மட்டும் விசிறி சுற்றுவதைப் பார்த்திருக்கிறார். அவருடைய பேட்டரி கைவிட்டுவிட்டதாகவும், மின்சாரம் வரும்வரை ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் யோசித்தேன். வீட்டு பேட்டரிதானே, இதற்குத்தானே இருக்கிறது. கோவில் காரியம் வேறு. விசிறிகளும் ஓடட்டும், ஒலிபெருக்கியும் பேசட்டும். விஜயா வாங்கிய பேட்டரியின் பெருமை இந்த ஊருக்கும் தெரியட்டுமே. இதுவரை நான் செய்ததில் பெரிய தவறில்லை என்று விஜயாவே பின்னால் ஒப்புக்கொண்டாள்.

கணேசன் வயரை மாட்டிவிட்டு, என் பெயரையும் படிப்பையும் கேட்டுக்கொண்டு போனார். போன கொஞ்ச நேரத்தில் தெரு முழுவதும் கணீரென்று ஒலித்தது:

“ராஜபாளையத்திலிருந்து வருகை தந்து, நமது அன்னையின் திருவிழாவுக்குத் தங்கள் மின்கலத்தை மனமுவந்து வழங்கியிருக்கும் எம்.ஏ. பட்டதாரி சாரதா அம்மையார் அவர்களுக்கு விழாக் குழுவின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி.”

அம்மையார். அதுவரை என்னை அப்படி யாரும் அழைத்ததில்லை. நூலகத்தில் “ஏங்க, நாவல் எங்க இருக்கு” என்று கேட்பவர்கள்தான் அதிகம். சன்னல்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு பெண்மணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை அதற்குக் காட்டினார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் ஓர் எளிமையை வரவழைத்துக்கொண்டேன்.

கணேசன் நன்றி மறவாதவர். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் என் பெயரைச் சொன்னார். சொல்லச் சொல்லப் பட்டமும் வளர்ந்தது. முதலில் பட்டதாரி, பிறகு தமிழறிஞர், அதன் பிறகு கல்வியாளரும் கொடைவள்ளலும். நான் அடுத்தது என்னவாக இருக்கும் என்று காத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் இளைக்கத் தொடங்கியது. “கொடைவள்ளல் சாரதா அம்...” என்பதோடு கரகரத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாயிற்று. எங்கள் விசிறிகளும் சோர்ந்துபோயின. மின்சாரம் வருகிற வழியாக இல்லை.

கணேசன் கோவில் வாசலிலிருந்து என்னை நோக்கிக் கையை விரித்துக் காட்டினார். விழாக் குழுவினர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் எதிர்பார்ப்பு இருந்தது. கொடைவள்ளலிடம் வேறு எதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அப்போது என் மனம் செய்த வாதத்தை இன்றும் எண்ணி வியக்கிறேன். எஞ்சின் பேட்டரிக்கு ஒரு கணம்தான் வேலை என்று விஜயாவே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அது நாள் முழுவதும் சும்மாதான் இருக்கிறது. ஒன்று உழைத்துக் களைத்துப் போயிருக்கையில் பக்கத்தில் இன்னொன்று சும்மா இருப்பது என்ன நியாயம்? சிறிது நேரம் தோள் கொடுத்தால் தேய்ந்தா போய்விடும்? அவர்கள் வருவதற்குள் மறுபடியும் பிரித்துவைத்துவிட்டால் போயிற்று.

ஸ்விட்சைச் சேர்த்தேன்.

“நம்ம விசயா என்னமோ சொல்லிட்டுப் போனாளே” என்றார் அத்தை, அடுப்பில் காப்பியைப் பார்த்தபடி.

“செத்த நேரத்துக்குத்தான் அத்தை.”

ஒலிபெருக்கி உயிர்த்தெழுந்தது. “...மையார் அவர்களுக்கு” என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. நான் ஒரு பேரானந்தத்தில் உட்கார்ந்திருந்தேன். பிரித்துவைக்க வேண்டும் என்ற நினைவு அந்த ஆனந்தத்தில் எங்கேயோ கரைந்துபோயிற்று. மின்சாரம் வராமலே பொழுது சாய்ந்தது.

மூவரும் திரும்பி வந்தபோது கோவில் வாசலில் சப்பரம் அலங்கரித்து நின்றது. மேளம் தொடங்கிவிட்டது. சங்கரபாண்டியன் வண்டிக்குள் ஏறி விளக்குகளைப் பார்த்தார், மெதுவாகத் தலையாட்டினார். பிறகு டிரைவர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பி செல்ஃபை அழுத்தினார். விஜயா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

‘கிட்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அதே நொடியில் வெளியே ஒலிபெருக்கி ஊமையானது. அவர் கையை எடுத்தார். ஒலிபெருக்கி மறுபடி பேசியது:

“சப்பரம் வரும் பாதையில் நிற்கும் லாரியின் உரிமையாளர் உடனடியாக வந்து வண்டியை அப்புறப்படுத்துமாறு...”

அவர் மீண்டும் அழுத்தினார். கிட். ஒலிபெருக்கி நின்றது. விட்டார்.

“...கண்டிப்புடன் கேட்டுக்கொள்கிறோம். அம்மன் காத்திருக்கிறாள் என்பதை...”

கிட். மௌனம்.

சங்கரபாண்டியன் விஜயாவைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, நான் இங்க அமுக்குனா அவன் அங்க வாய மூடுதான். விட்டா நம்மளயே வையுதான். இது என்ன ஏற்பாடு?”

விஜயாவின் கண் ஸ்விட்சுக்குப் போனது. அங்கிருந்து வயர் போகும் வழியைத் தொடர்ந்து சன்னல் வழியாக வெளியே போய், கோவில் வாசல் வரை சென்று, திரும்பி வந்து என் மேல் நின்றது. எங்கள் பேட்டரியைக் குடித்துக்கொண்டே ஒருவர் எங்களை நகரச் சொல்கிறார், அவர் குடிப்பதால்தான் நாங்கள் நகர முடியவில்லை என்ற முழுக் கணக்கும் அந்த ஒரு பார்வைக்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு பூமி பிளந்து என்னை ஏற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் மண் அதற்கெல்லாம் அசையவில்லை.

அவள் முகம் வெளுத்திருந்தது. மிக்சிகளை நினைத்திருப்பாள். ஸ்விட்சைப் பிரித்தாள், வயரைக் கழற்றினாள். எஞ்சின் பேட்டரியில் மிச்சமிருந்த பலம் செல்ஃபைச் சுற்றப் போதாது என்று மாமாவிடம் சொன்னாள். தெருவின் மறுகோடியில் இறக்கம் இருக்கிறது, அதுவரை வண்டியை இழுத்துக்கொண்டுபோனால் கியரில் போட்டுக் கிளப்பிவிடலாம் என்றும் சொன்னாள்.

கயிறு எங்கே இருக்கிறது? சப்பரத்தில்தான் இருக்கிறது. விழாக் குழுவில் ஒரு சிறு விவாதம் நடந்தது. அம்மன் வடத்தால் லாரியை இழுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வழிவிடுவதற்காக இழுப்பதும் அம்மன் காரியம்தான் என்று இன்னொருவர் சொன்னார். ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வடத்தைக் கழற்றி எங்கள் வண்டியின் முன்னால் கட்டினார்கள். எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். அத்தை தன் முழங்காலைக் காட்டி மறுத்துவிட்டார். அவருக்குத் துணையாக நானும் முன்பக்க நீளமான இருக்கையில், அந்தப் பெரிய கண்ணாடிக்குப் பின்னால், மாலைகளுக்கும் வாழைக்கன்றுகளுக்கும் நடுவில் அமர வேண்டியதாயிற்று. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்ததால் வெளியிலிருந்து பார்க்க நாங்கள் இருவர்தான் தெரிவோம்.

வடம் பிடித்து இழுக்க வந்திருந்தவர்களுக்கு இழுப்பதற்கு ஏதாவது கிடைத்தால் போதும். வண்டி அசைந்ததும் மேளக்காரர்கள் பழக்கத்தினால் வாசித்துக்கொண்டே முன்னால் நடந்தார்கள். தெருவின் மறுகோடியில் காத்திருந்தவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில், மேளத்தோடு, வடம் பிடித்து, மாலை சூடி வருவது வேறு என்னவாக இருக்க முடியும்? பெண்கள் குலவை இட்டார்கள். அந்தத் தெருவில் சப்பரத்தின் மேல் உப்பும் மிளகும் வீசுகிற வழக்கம். கண்ணாடியில் சடசடவென்று விழுந்தது. பக்கச் சன்னல் திறந்திருந்ததால் கொஞ்சம் என் தலையிலும் விழுந்தது. ஒரு முதியவர் கைகூப்பிக் கண்ணை மூடியவர், திறந்து என்னைப் பார்த்ததும் மீண்டும் மூடிக்கொண்டார்.

நான் கீழே குனிந்துகொள்ள முயன்றேன். அத்தையோ நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டு வந்தார்.

“அத்தை, என்ன பண்ணுறிய?”

“அம்புட்டு சனம் கும்பிடுது. பதிலுக்குக் கும்பிடாட்டா நம்மள என்ன நெனப்பாவ?”

இறக்கம் வந்தது. மாமா கியரில் போட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு உறுமியது. அந்தக் கணத்தில் எழுந்த குலவையைப் போல் எந்த லாரிக்கும் இதுவரை கிடைத்திருக்காது.

வண்டியை ஓரம் கட்டியதும் நான் இறங்கிவந்தேன். சங்கரபாண்டியன் நடந்தே வந்துகொண்டிருந்தார். நான்தான் காரணம் என்று அவரிடம் சொல்லிவிட வாயெடுத்தேன். விஜயா எனக்கு முன்னால் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, செல்ஃப் எடுக்கல. ஒத்துக்கிடுதேன். மதினி மேல தப்பில்ல. தொடாதீங்கன்னு வாயால சொல்லிட்டுப் போற எடத்துல ஒரு பூட்டு இருந்திருக்கணும். எல்லாரும் கை வைக்குற எடத்துல ஸ்விட்ச வச்சது என் வயரிங் தப்பு. அத மாத்திருவேன்.”

நான் படித்த எத்தனையோ புத்தகங்களில் பெருந்தன்மை என்ற சொல் வந்திருக்கிறது. அதன் பொருள் எனக்கு அந்தத் தெருமுனையில்தான் விளங்கியது. என் காதிலிருந்து மிளகைத் தட்டிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை அங்கே விட்டுக்கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நானே சொல்லியிருக்க மாட்டேன்.

சங்கரபாண்டியன் வண்டியைச் சுற்றிவந்தார். பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“மத்தியானத்துல இருந்து அந்தத் தொண்டக்காரன் கத்துனானாமே, அம்புட்டும் இந்த பேட்டரியிலயா?”

“ஆமா அண்ணாச்சி. அதோட வெளக்கு, விசிறி எல்லாம்.”

“நான் ஜெனரேட்டர்னுல்லா நெனச்சேன்.” எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். “சொன்னத கேக்காதவிய ஊர்ல ஒருத்தர்தானா? எனக்கு டூருக்கு டூர் வண்டி நெறைய ஏறுதாவ. அத்தன பேரும் உன் மதினிதான். பூட்டு போடு. சாவி டிரைவர் இடுப்புல இருக்கட்டும். மூணு வண்டிலயும்.”

விஜயாவுக்கு உடனே புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் அவள் தோளில் கையை வைத்து, “ஏட்டி, மூணு வண்டிங்காரு” என்றார். அவள் அப்போதுதான் அழுதாள். அழுதபடியே வண்டிக்குள் ஏறி, எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த வயரை மறுபடி எடுத்து, சப்பரத்தோடு போவதற்காகக் கணேசன் தள்ளுவண்டியில் கொண்டுவந்த மைக்செட்டுக்கு மாட்டினாள். இப்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்விட்சைச் சேர்த்தே வைக்கலாம் என்றாள். வடத்தைத் திரும்பக் கட்டிச் சப்பரம் புறப்பட்டபோது எங்கள் விளக்குகளும் அதன் பின்னாலேயே ஊர்ந்து போயின. கணேசன் மறுபடியும் நன்றி சொல்ல ஆரம்பித்தார். அவர் என் பெயரைச் சொல்லிவிடாதபடி, விஜயாவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்கு மனம் கேட்கவில்லை. கடைசியில் இருவர் பெயரையும் சொன்னார்.

அந்த இரண்டு பேட்டரிகளையும் அவள் பட்டறையில் வைத்து, நாட்கணக்கில் மெதுவாக சார்ஜ் ஏற்றித் தேற்றிவிட்டாள். அடி ஆழம் வரை வடிந்துபோன பிறகும் அவை பல ஆண்டுகள் உழைத்தன. தேர்ந்தெடுத்தவளின் கண் அப்படி. தொண்ணூறுகளில் அவள் பட்டறைக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு கடை வைத்தாள். ஸ்விட்சுக்கு மேல் இரும்பு மூடி, அதில் ஒரு சிறிய பூட்டு என்று அவள் அமைத்த ஏற்பாட்டை டிரைவர்கள் பார்த்துப் பார்த்துத் தங்கள் வண்டிகளுக்கும் கேட்டு வந்தார்கள். அதற்குப் பட்டறை ஆட்கள் வைத்த பெயர்தான் ஊரில் நிலைத்துவிட்டது. மதினிப் பூட்டு. இதைத் தடுக்க நான் எடுத்த முயற்சிகள் எதுவும் பலிக்கவில்லை.

ஒருநாள் நூலகம் முடிந்து அவள் கடையில் உட்கார்ந்திருந்தேன். சங்கரன்கோவிலிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர், “மதினிப் பூட்டு ஒண்ணு குடுங்க தாயி” என்று கேட்டார். விஜயா எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மதினி என்பது எந்த ஊர்த் தெய்வம் என்று விசாரித்தார்.

விஜயா என் பக்கம் திரும்பவே இல்லை. “ஸ்ரீவில்லிபுத்தூருல ஒரு தெருவுல வடம் புடிச்சு இழுத்திருக்காவ அண்ணாச்சி. உப்பு மொளகெல்லாம் போட்டாவ.”

அவர் பூட்டைப் பயபக்தியோடு கண்களில் ஒற்றிக்கொண்டார். “கேட்டத குடுக்குமோ?”

“கரண்டு கேட்டா உடனே குடுத்துருவாவ” என்றாள் விஜயா.